அவள் திரும்பிப் பார்த்தாளா?

ஆரவாரம் மிகுந்த இந்த அவையை ஒரு கையசைவில் அடக்கி வைத்திருக்கும் தலைவர் அவர்களே! ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்லும் பல் மருத்துவராகிய தாங்கள், இன்று என் வாயையும் திறக்கச் சொல்லிவிட்டீர்கள். மூட வைப்பது அத்தனை எளிதல்ல என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். முழங்கால் வலியை மறந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! 'பார்த்தாள்' என்று பல்லாண்டுகளாய் முழங்கிவரும் வலப்பக்கத்துப் பெருமக்களே! 'பார்க்கவில்லை' என்று பிடித்த பிடியை விடாத இடப்பக்கத்து இரும்பு நெஞ்சர்களே! பின்சுவரின் சின்னஞ்சிறு சதுரத் துளைக்குள்ளிருந்து எங்களுக்கு ஒளி அனுப்பும் ஆபரேட்டர் அண்ணன் அவர்களே! அனைவருக்கும் அடியேனின் அன்பு வணக்கம்.

கைதட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இடப்பக்கம் தட்டினால் வலப்பக்கம் தட்டுவதில்லை, வலப்பக்கம் தட்டினால் இடப்பக்கம் தட்டுவதில்லை. எனக்கு எப்போதும் பாதிக் கைதட்டல்தான் கிடைக்கிறது!

நான் யார்? ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் நாளெல்லாம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டிருப்பவள். பிறந்த வீட்டில் படம் பார்க்கும் பழக்கம் கிடையாது. வாழ்க்கைப்பட்டதோ, படம் பார்ப்பதைப் பிழைப்பாகவும் இஸ்திரிக்கடை நடத்துவதைப் பொழுதுபோக்காகவும் வைத்திருக்கும் குடும்பத்தில். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் என்னை முதன்முதலாக அழைத்துப்போன இடம் எது? இந்த அரங்கம். காட்டிய படம் எது? இந்த ரசிகர் மன்றம் திரும்பத் திரும்ப ஓட்டும் நம் படம். நான் என்ன செய்தேன்? தூங்கிவிட்டேன்.

சிரிக்காதீர்கள்! வெளியே வந்ததும் அவர் கேட்டார்: "பூனையைப் பாத்தியா?"

"எந்தப் பூனைங்க?" என்றேன்.

அந்த மனுஷர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பந்தியில் இலை போட்டுவிட்டுச் சோறு இல்லை என்று சொன்னால்கூட ஒருவர் முகம் அப்படி வாடாது.

முதன்முறையாக வந்திருப்பவர்களுக்கு அந்தப் பூனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீதிமன்றக் காட்சியில், நீதிபதியின் நாற்காலிக்குப் பின்னால், கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு பூனை நடந்துபோகும். யார் வளர்த்த பூனையோ, எந்தக் கதவு வழியாகப் படப்பிடிப்புக்குள் புகுந்ததோ, தெரியாது. யாரும் அதை விரட்டவில்லை. கதாநாயகி கண்ணீர் மல்க வாதாடிக்கொண்டிருக்கிறாள். பூனை பாட்டுக்குப் போகிறது. அது வரும்போது நீங்கள் எல்லோரும் கைதட்டுவீர்கள். ஒவ்வொரு தடவையும் தட்டுவீர்கள். இந்த ஊரிலேயே இரண்டு பக்கமும் சேர்ந்து தட்டுவது அந்தப் பூனைக்கு மட்டும்தான்!

எண்ணிப் பாருங்கள் அன்பர்களே. அந்தப் பூனை எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த நீதிபதி இல்லை, அந்த நாற்காலி இல்லை, அந்தப் படப்பிடிப்புக் கொட்டகையும் இல்லை. ஆனால் விளக்கை அணைத்தால் பூனை வருகிறது! அதே வால், அதே நடை, அதே அலட்சியம். பார்த்த நமக்கு நரைத்தது, பல் விழுந்தது, தலைவருக்கு வருமானம் வந்தது. பூனைக்கு ஒரு முடி உதிர்ந்ததா? உதிரவில்லையே! இதற்கு என்ன பெயர் வைப்பது? எனக்குத் தெரியவில்லை. ஒளியில் ஒட்டிக்கொண்ட உயிர் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

நம் படத்தின் கதை கடுகளவு. பெற்றோர் இல்லாத ஓர் அக்கா, ஒரு தம்பி. தம்பி மேல் விழுந்த பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அக்கா சிறைக்குப் போகிறாள். வீடு திரும்பியவளைத் தம்பி கோபத்தில் ஒரு சொல் சொல்லிவிடுகிறான். அவள் பெட்டியைத் தூக்குகிறாள். படி இறங்குகிறாள். தம்பி வாசலில் நிற்கிறான். அவள் தெருவில் நடக்கிறாள், நடக்கிறாள், நடக்கிறாள்... டக்!

ஆமாம், டக். நம் மன்றத்தின் படப்பிரதி அந்த இடத்தில் அறுந்துபோனது. அறுந்த துண்டு தொலைந்துபோனது. மீதியை ஒட்டி வைத்தார்கள். நடந்துகொண்டிருந்த அக்காவைக் காணோம். அடுத்த நொடி வெறும் தெரு. அதனால்தான் அந்தக் கேள்வி பிறந்தது. அவள் திரும்பிப் பார்த்தாளா? வளர்த்த தம்பியை, வாழ்ந்த வாசலை, அவள் திரும்பிப் பார்த்தாளா?

உலகத்தில் எந்தத் திரையரங்கிலாவது சண்டை போடுவதற்கென்று இடைவேளை விடுவார்களா? இங்கே விடுவார்கள்! அந்த இடம் வந்ததும் ஆபரேட்டர் அண்ணன் எந்திரத்தை நிறுத்தி விளக்கைப் போடுவார். வலப்பக்கம் "பார்த்தாள்!" என்று கத்தும். இடப்பக்கம் "பார்க்கவில்லை!" என்று கத்தும். தொண்டை வறண்டதும் விளக்கு அணையும், படம் ஓடும். பெண் கேட்டுப் போகும் வீட்டில் படிப்பென்ன, வேலையென்ன என்று விசாரிப்பதற்கு முன்னால், எந்தப் பக்கம் உட்காருவீர்கள் என்று விசாரிக்கிற ஊர் இது. மறுக்க முடியுமா? தலைவரே தலையாட்டுகிறார், அவர் வீட்டிலும் நடந்திருக்கிறது போலிருக்கிறது.

இந்த இரண்டு பக்கத்துக்கும் தளபதிகள் யார்? இடப்பக்கத்துத் தளபதி, என் வீட்டுக்காரர். வலப்பக்கத்துத் தளபதி, கண்ணாடிக்கடையில் ஊர் முழுவதற்கும் கண்ணாடி மாட்டிவிடுகிறாரே, அவர். அவர் வேறு யாருமல்ல. என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அக்கா. என் நாத்தனார். நான் வாய் நிறைய அண்ணி என்று கூப்பிடுகிறவர்.

இந்தப் படம் முதன்முதலில் வெளிவந்தபோது, துண்டு அறுவதற்கு முன்னால், அதை முழுசாகப் பார்த்தவர்களில் இன்று நம்மிடையே மிஞ்சியிருப்பவர்கள் இந்த இருவர்தான். அப்போது இரண்டும் சின்னப் பிள்ளைகள். அப்பா அழைத்துவந்தார். அரங்கில் கூட்டம் நெருக்கியடித்தது. அக்காவுக்கு ஓர் இருக்கை, தம்பிக்கு அப்பாவின் மடி. பார்த்தது ஒரே படம், இருந்தது ஒரே வரிசை. ஆனால் அக்கா சொல்கிறார், பார்த்தாள். தம்பி சொல்கிறார், பார்க்கவில்லை.

ஒருமுறை மன்றக் கூட்டத்தில் இந்த வாக்குவாதம் முற்றியது. அண்ணி எழுந்தார். "இவனுக்கென்ன தெரியும்? அந்த இடம் வந்தப்போ இவன் ஓன்னு அழுது அப்பா சட்டைல மூஞ்சியப் புதைச்சுக்கிட்டான். இவன் படத்தையே பாக்கலை!" என்று போட்டு உடைத்துவிட்டார். அரங்கமே குலுங்கிச் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். நானும்தான் சிரித்தேன்.

சிரிக்காத ஒருவர் வீட்டுக்கு வந்தார். அப்போது அண்ணி எங்களோடுதான் இருந்தார். "நாலு பேர் முன்னாடி என்னைக் கேவலப்படுத்திட்டியேக்கா! நான் அழவே இல்ல!" என்று இவர் குதித்தார். "அழுததைச் சொன்னா கேவலமாடா?" என்று அவர் கேட்டார். சொல்லுக்குச் சொல் வளர்ந்தது. கடைசியில் இவர், "உனக்கு என்னைவிட அந்தப் படம்தான் பெருசுன்னா அங்கேயே போய் இரு" என்று சொல்லிவிட்டார். அண்ணி பெட்டியை எடுத்தார். படி இறங்கினார்.

ஏன் இப்போது யாரும் சிரிக்கவில்லை?

நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறார். இன்றுவரை இருவருக்கும் பேச்சு இல்லை. இந்த அரங்கில் அந்த இடைவேளையில் ஒருவரைப் பார்த்து ஒருவர் கத்துவதைத் தவிர, வேறு ஒரு வார்த்தை கிடையாது. என் பிள்ளைகள் கண்ணாடி போட வேண்டுமென்றால் நான்தான் அழைத்துப் போகிறேன். இவர் எதிர்ப்பக்கத்து நடைபாதையில் நின்று கடைப்பலகையைப் படித்துக்கொண்டிருப்பார். கேட்டால் ஒரே பதில்தான். "போனவ ஒரு தடவை திரும்பிக்கூடப் பாக்கலையே." ஒரே வசனம், ஒரே குரல். அவர் படத்தைச் சொல்கிறாரா, வீட்டைச் சொல்கிறாரா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியாமல் போயிற்று.

இந்த நிலையில்தான் வந்தது அந்தச் செய்தி! எங்கோ ஒரு பழைய கிடங்கில் பூட்டிக் கிடந்த தகரப் பெட்டிகளில் நம் படத்தின் முழுப் பிரதி. அறுபடாத பிரதி! அது இதோ, அண்ணனின் அறையில் இருக்கிறது. ஓட்டிச் சரிபார்க்காமல் திரையிட முடியாது என்றார் அண்ணன். யார் கூட இருந்து பார்ப்பது? இடப்பக்கத்தார் பார்த்தால் வலப்பக்கம் நம்பாது, வலப்பக்கத்தார் பார்த்தால் இடப்பக்கம் ஏற்காது. எந்தப் பக்கமும் இல்லாத ஆள் யார்? இந்தப் படத்தின் மேல் அக்கறையே இல்லாத, பார்க்க வைத்தால் தூங்கிவிடக்கூடிய ஒரே ஆள் யார்? அப்படித்தான் அன்பர்களே, இந்தப் பெரும்பேறு எனக்கு வாய்த்தது.

நேற்றுப் பிற்பகல், காலி அரங்கில், நான் மட்டும் உட்கார்ந்து பார்த்தேன். தூங்கவில்லை! அக்காவாக நடித்த அந்த அம்மா மறைந்து எத்தனையோ காலமாகிறது. ஆனால் அவர் இமைத்தபோது நான் இமைக்க மறந்தேன். பூனை வந்தபோது ஆளில்லாத அரங்கில் என் இரண்டு கைகளும் தாமாகத் தட்டின. ரத்தத்தில் ஓடுகிற உயிரணுவை அன்றாடம் பார்க்கிறவள் நான். உயிர் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். நேற்று அந்தத் திரைக்கு முன்னால் மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். உங்களையெல்லாம் பைத்தியங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேனே, அந்தச் சொல்லை இந்த மேடையில் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பிறகு அந்த இடம் வந்தது. அவள் நடந்தாள். 'டக்' வரவில்லை. படம் தொடர்ந்தது!

இருங்கள், இருங்கள். இந்தப் பக்கம் "சொல்லாதீங்க" என்கிறார்கள், அந்தப் பக்கம் "சொல்லுங்க" என்கிறார்கள். இதிலும் இரண்டு கட்சியா? அவள் திரும்பினாளா என்பதை நான் சொல்ல மாட்டேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் வேறொன்றைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

இத்தனை காலமும் நாம் என்ன கேட்டோம்? அவள் பார்த்தாளா, அவள் பார்த்தாளா, அவள் பார்த்தாளா! அவள், அவள், அவள்! தம்பி என்ன செய்தான் என்று ஒருவராவது கேட்டோமா? வாசலில் நின்றானே, அவன் நின்றுகொண்டே இருந்தானா? கேட்கவில்லை. நம் பிரதியில் அவன் நிற்பதோடு படம் அறுந்ததால், நின்றான் என்றே நினைத்துக்கொண்டோம்.

அவன் நிற்கவில்லை பெரியோர்களே. அவள் தெருமுனையை எட்டுவதற்கு முன்னாலேயே அவன் உள்ளே போய்விடுகிறான். கதவைச் சாத்துகிறான். சாத்திய கதவில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறான்.

அதைப் பார்த்த கணத்தில் எனக்கு என் வீட்டு வாசல் ஞாபகம் வந்தது. அண்ணி பெட்டியோடு இறங்கிய அன்று நான் சமையலறையில் இருந்தேன். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. இவர் உள்ளே வந்தார். குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவினார். கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். "சோப்பு கண்ணுல பட்டுருச்சு" என்றார். சோப்பு டப்பாவோ அலமாரியில் இருந்தது! அப்பாவின் சட்டையில் முகம் புதைத்த அதே பிள்ளைதான் அன்றும் முகத்தை மறைத்துக்கொண்டது. தெருவைப் பார்க்காத மனுஷர், திரும்பிப் பார்க்கவில்லை என்று இத்தனை காலமும் யாரைச் சொல்லிக்கொண்டிருந்தார்?

கோபமாக முறைக்க வேண்டாம். இங்கிருந்தே தெரிகிறது. வீட்டுக்குப் போனதும் வைத்துக்கொள்ளலாம்.

அண்ணி! வலப்பக்கத்துத் தளபதியே! இந்தச் சபையின் முன்னால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். படத்தைப் பற்றி அல்ல. அன்றைக்கு எங்கள் தெருமுனையில், நீங்கள்...

எழுந்துவிட்டார். சத்தம் போடாதீர்கள். அண்ணி பேசுகிறார்.

"பாத்தேம்மா. திரும்பிப் பாத்தேன். கதவு சாத்தியிருந்துச்சு."

கேட்டீர்களா? பின்வரிசைக்குக் கேட்டதா? கதவு சாத்தியிருந்ததாம்.

அன்பர்களே, பழைய படத்தை ஏன் மீண்டும் மீண்டும் பார்க்கிறீர்கள் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல எனக்கு இன்று பதில் தெரியும். படம் மாறுவதில்லை. மாறவே மாறாத ஒன்று முன்னால் நின்றால்தான், நாம் எங்கே கண்ணை மூடினோம் என்பது நமக்குத் தெரிகிறது. நாம் பார்க்கத் தவறியதை அது பத்திரமாக வைத்திருக்கிறது. எத்தனை வருஷம் கழித்துப் போனாலும் எடுத்துக் காட்டுகிறது. அதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன் ஐயா. ஆனால் கொஞ்சம் பொறுங்கள். இடப்பக்கத்தில் யாரோ எழுந்திருக்கிறார்களே! வழி விடுங்கள். காலை மடக்குங்கள் தம்பிமார்களே, அவருக்குக் கண் சரியாகத் தெரியாது இப்போது, சோப்பு பட்டிருக்கிறது. நடுப்பாதையைத் தாண்டிவிட்டார். இந்த ஊர் இரண்டு பக்கமாய்ப் பிரிந்த நாளிலிருந்து இடப்பக்கத்துத் தளபதி தாண்டாத பாதை அது. அண்ணி பக்கத்து இருக்கையிலிருந்து கைப்பையை எடுக்கிறார். உட்கார்ந்துவிட்டார்! "என்னடா இளைச்சுப் போயிட்டே" என்கிறார் அண்ணி. நான் சமைத்துப் போடுவதைத்தான் குறை சொல்கிறார், பரவாயில்லை, இன்று ஒருநாள் பொறுத்துக்கொள்கிறேன்.

இதோ, பூனைக்கு அடுத்தபடியாக எனக்கும் இரண்டு பக்கத்துக் கைதட்டலும் சேர்ந்து கிடைத்துவிட்டது! இந்த வாய்ப்பைத் தந்த தலைவருக்கும், பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், இரு பக்கத்து ரசிகப் பெருமக்களுக்கும், எப்போதோ மறைந்தும் எங்கள் கண்முன்னே இமைத்துக்கொண்டிருக்கும் அந்த அம்மாவுக்கும் நெஞ்சம் நிறைந்த நன்றி கூறி, வணங்கி விடைபெறுகிறேன்.

ஆபரேட்டர் அண்ணே, விளக்கை அணையுங்கள். இன்று சண்டை இடைவேளை கிடையாது. அந்த இடம் வரும்போது யாரும் கண்ணை மூடக்கூடாது. இஸ்திரிக்கடைக்காரரே, உங்களைத்தான் சொல்கிறேன். அழுதுகொண்டேயாவது பாருங்கள்.