நேரம் எழுதாத பலகை

– ஏணியை நல்லா புடிங்க மாஸ்டர். நீங்க நடுங்குற நடுக்கத்துல என் எழுத்து கோணிக்கும்.

– நான் நடுங்கலண்ணே. ஏணி பழசு.

– ஏணி என்னோடது. இருபது வருஷமா கடை கடையா இதுல ஏறித்தான் போர்டு எழுதுறேன், ஒரு நாளும் ஆடினதில்ல. சரி, எம்பொண்ணு பேரு எப்படி வந்திருக்கு? கீழேயிருந்து பாத்துச் சொல்லுங்க.

– நல்லா வந்திருக்கு. வேற பெயிண்டரைக் கூப்பிடலாம்னு ஹெட்மாஸ்டர்கிட்ட எவ்வளவோ சொன்னேன். பெத்தவர் கையாலேயே பொண்ணோட நினைவுப் பலகையை எழுத வைக்கணுமான்னு...

– வேற எவனாவது வந்து கொம்பு, கால் எதையாவது விட்டுட்டா? நானே எழுதறேன்னு கேட்டு வாங்கினேன். பேரு முடிஞ்சுது. நானூறு மீட்டர் ஓட்டம், அதுவும் முடிஞ்சுது. கடைசி வரி காலியா இருக்கு. நேரத்தைச் சொல்லுங்க.

– பேரு போதும்ணே.

– அதெப்படி போதும்? பக்கத்துப் பலகையைப் பாருங்க. குண்டு எறிஞ்சவன், நீளம் தாண்டினவன், அத்தனை பேருக்கும் அளவு போட்டிருக்கு. எம்பொண்ணுக்கு மட்டும் மொட்டையா விடுறதா?

– கோச்சுக்காதீங்க. போன வருஷப் போட்டியில ஓடின நேரம் இருக்கு. அம்பத்தஞ்சு புள்ளி ஒம்போது. அதை எழுதுங்க.

– அது பழசு. கடைசி நாள் உங்க பயிற்சியில எத்தனை செகண்டுல ஓடினா? அதைச் சொல்லுங்க.

– ஒரு நிமிஷம்... பெயிண்ட் டப்பா ஓரத்துல இருக்கு, கவுந்துடப் போகுது.

– டப்பாவை நான் பாத்துக்கறேன். நீங்க சொல்லுங்க.

– அம்பத்தஞ்சு புள்ளி ஏழு.

– அஞ்சு... இன்னொரு அஞ்சு... மாநிலப் பயிற்சி முகாமுக்குத் தேர்வாக எத்தனை கேட்டாங்க?

– அம்பத்தஞ்சுக்குள்ள.

– அப்போ கடைசி வரைக்கும் எட்டல. என்னமோ போங்க. சாயங்காலம் ஆனா எங்க மாடிப்படியே அதிரும், ரெண்டு ரெண்டு படியாத்தான் ஏறுவா. கீழ் வீட்டுக்காரர் கதவைத் திறந்து கத்துவாரு. இப்போ என்னைப் படியில பாத்தா மனுஷன் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போறாரு. கத்தித் தொலைய மாட்டாரான்னு இருக்கு.

– அண்ணே...

– ஊரே ஒண்ணுதான் கேக்குது. அவ்வளவு வேகமா ஓடுற பொண்ணு அன்னைக்கு ஏன் ஓடலைன்னு. பைக் கண்ணாடி ஒடஞ்சதுக்கு பஸ் ஸ்டாப்புல எவனோ கத்தியை உருவுவான்னு அவ கனவா கண்டா? எவனுக்கோ வீசினது, பஸ்ஸுக்கு நின்ன இவ மேல. ஒரு கண்ணாடிக்கு மாஸ்டர்! புதுசா மாட்ட பத்து நிமிஷம் ஆகாது!

– அவளால ஓடியிருக்க முடியாது. கால்ல தெம்பே இருந்திருக்காது. இருந்ததை எல்லாம் நான் உறிஞ்சிட்டேன்.

– என்ன சொல்றீங்க?

– பிரஷ்ஷைப் பலகையிலேருந்து எடுத்துடுங்கண்ணே. எழுதாதீங்க. அந்த ரெண்டாவது அஞ்சு தப்பு.

– அஞ்சில்லன்னா?

– நாலு. அம்பத்திநாலு புள்ளி ஏழு. அன்னைக்கு முதல் ஓட்டத்துலேயே தாண்டிட்டா. நான் பொய் சொன்னேன்.

– ம்.

– அவகிட்ட மட்டும் இல்ல, எல்லார்கிட்டயும் ஒரு செகண்டு கூட்டித்தான் சொல்லுவேன். இருக்கிறதைச் சொன்னா தலைக்கனம் வந்துடும், மெத்தனமா ஆயிடுவாங்கன்னு எனக்கு ஒரு நினைப்பு. அவ முகம் வாடிப்போச்சு. "அரை மணி உக்காரு, இன்னொரு ஓட்டம் பாக்கலாம்"னேன். நான் உண்மையைச் சொல்லியிருந்தா துள்ளிக் குதிச்சுக்கிட்டு அஞ்சு மணி பஸ்ல ஏறியிருப்பா. அந்த ரெண்டு பயலுகளும் அங்க வந்ததே அஞ்சரைக்குத்தான்.

– இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?

– போலீஸ் கேட்டப்போ பயிற்சி நீண்டுபோச்சுன்னேன், அவ்வளவுதான். பதினோரு மாசமா ஸ்டாப்வாட்ச்சைத் தொடவே கை கூசுது. பசங்களை சும்மா ஓடுங்கடான்னு விட்டுட்டு உக்காந்திருக்கேன். இறங்கி வந்து ரெண்டு அறை விடுங்கண்ணே. வாங்கிக்கறேன்.

– அந்தத் துணியை எடுத்துக் குடுங்க. ஈரம் காயறதுக்குள்ள இந்த அஞ்சைத் துடைச்சுடறேன்.

– இந்தாங்க. என்னால தாங்க முடியாதது என்னன்னா, ஜெயிச்சதே தெரியாம போயிட்டா.

– தெரியும்.

– எப்படி?

– போட்டிக்குப் போனா மைதானத்துல பெரிய கடிகாரம் எரியுதே, அதுல எப்பவும் நீங்க சொல்றதைவிட ஒரு செகண்டு குறைச்சலாத்தான் வருதாம். மூணாவது போட்டியிலேயே கண்டுபிடிச்சுட்டா திருட்டுக்கழுதை. சாப்பிடும்போது உங்களை மாதிரியே முகத்தை வெச்சுக்கிட்டு, "இன்னும் பத்தாதும்மா, இன்னும் பத்தாது"ன்னு நடிச்சுக் காட்டுவா. அவங்கம்மா சிரிச்சு சிரிச்சு புரையேறிக் கிடப்பா.

– அப்போ... எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதானா இப்போ என்னைக் கேட்டீங்க?

– நீங்க சொல்ற வரைக்கும் இறங்கறதில்லன்னுதான் ஏறினேன். நீங்க என்னைக்காவது வாயைத் திறந்து "தாண்டிட்டே"ன்னு சொல்லணும்னு அவளுக்குக் கொள்ளை ஆசை.

– அன்னைக்கு ஓடினதும் தெரிஞ்சிருக்குமா?

– அந்த அரை மணியில எனக்கு போன் பண்ணா. "அப்பா, அம்பத்தஞ்சு புள்ளி ஏழுங்கறாரு, அப்படின்னா நான் தாண்டிட்டேன்!"னு கத்துனா, இந்தக் காதுல.

– தெரிஞ்சும் ஏன்ணே திரும்ப ஓடினா? கால் வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே அனுப்பியிருப்பேனே!

– கால் வலிக்குதுப்பா, அஞ்சு மணி பஸ்ல கிளம்பி வந்துடவான்னுதான் கேட்டா. நான்தான் மாஸ்டர், "அந்த மனுஷன் வாயால கேக்காம வீட்டுக்கு வராதே"ன்னேன்.