மூக்குக்குக் கொஞ்சம் கனம்

— துணியை இழுத்துப் பிடிடா. அயர்ன் பாக்ஸ் போற பக்கமெல்லாம் சுருங்கி ஒட்டுது பாரு. பொம்மை விமானத்தோட இறக்கையில ஒரு மடிப்பு விழுந்தாலும் உன் அக்கா மானம் கப்பலேறிடும்.

— வலது கையால பிடிக்கச் சொல்றியேக்கா. போச்சு போ. ரெண்டு விரல் மடங்கவே மாட்டேங்குது.

— மடங்குற விரலை வெச்சுப் பிடி சாமி. பட்டறை மெஷின்ல மாட்டினது விரல்தானே, உசிரு இல்லையே.

— தையல் பிரிச்ச அன்னைக்கு டாக்டரும் இதையேதான் சொன்னாரு. அவருக்கென்ன.

— தட்டிப் பாரு இப்போ. டம்முனு கேக்குதா?

— ம். நல்லா இறுகிடுச்சு. இது நான் பிடிச்ச பக்கமா?

— பின்ன, எதிர்வீட்டுக்காரர் வந்து பிடிச்சாரா?

— சிரிக்காதே. இறக்கைக்கு அடியில விரலைக் கொடுத்துத் தூக்கிப் பாரு, வால் தொங்குது. கிழிஞ்ச இடத்துல துணி மேல துணியா ஒட்டித் தொலைச்சேன்ல, அந்தக் கனம். இப்படியே பறக்கவிட்டா மூக்கைத் தூக்கிக்கிட்டு அப்படியே கீழே விழும். இத்தனை மாச வேலையும் போச்சு போ.

— மூக்குல கொஞ்சம் கனம் வெச்சா சரியாப் போவுது. அதை நான் பார்த்துக்கறேன். காலையில மைதானத்துக்குக் கிளம்பு.

— வர்றேன். ஆனா ஓட்டறது நீதான். நான் வேடிக்கை பார்ப்பேன், அவ்ளோதான்.

— திங்கக்கிழமை பட்டறைக்கு? முதலாளி உன் இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கலையே.

— வரலைன்னு சொல்லிடப்போறேன். இந்தக் கையை நம்பி இனிமே மெஷின் முன்னாடி நிக்க மாட்டேன்.

— ஆகட்டும். நாளைக்குச் சாயங்காலமா சொல்லிக்கலாம், அவரு எங்க ஓடிடப்போறாரு.

*

— ஈ காக்கா இல்ல மைதானத்துல. இந்தா, இது உன் ரிமோட்.

— எனக்கெதுக்கு? உன் கையிலதான் ஒண்ணு இருக்கே.

— ரெண்டையும் இணைச்சிருக்கேன். ஓட்டறது நான். நான் சொல்லச் சொல்ல நீயும் குச்சியை அசைச்சுக்கிட்டு வா, விரலுக்குப் பயிற்சி.

— அப்போ என் ரிமோட் சும்மாதானே?

— சும்மாதான்டா, பயந்தாங்கொள்ளி.

— உன் ரிமோட் மேல ஏன் துண்டைப் போட்டு மூடியிருக்கே?

— வெயில்ல லைட்டு தெரியல. பேச்சைக் குறை. வேகம் கொடு. இன்னும். மெல்ல உன் பக்கம் இழு.

— அக்கா, ஏறுதுக்கா. மூக்கு ஆடாம நிக்குது. என்னத்த வெச்சே உள்ள?

— வீட்ல கிடந்த சாமான்தான், டேப்பு சுத்தி வெச்சேன். இடது பக்கம். மெல்ல. ஒரு வட்டம் போடுவோம்.

— காத்து வருதுக்கா. இறக்கை சாயுது. மரத்துப் பக்கம் போகுது, வலது பக்கம் திருப்பு. அக்கா, ஏன் பேச மாட்டேங்கறே? நானும் குச்சியை வலது பக்கமாத் தள்ளறேன். திருப்பு.

— ...

— அப்பாடா. நிமிர்ந்துடுச்சு.

— நிமிர்ந்துடுச்சுடா சாமி.

— உன் குரல் ஏன் இப்படி நடுங்குது?

— காத்துதான். இறக்குவோம் வா. வேகத்தைக் குறை. இன்னும் குறை. மூக்கை லேசாத் தூக்கு.

— தொட்டுடுச்சு. புல்லு மேல ஓடுது பாரு, ஓடுது... நின்னுடுச்சு. ஒரு கீறல் இல்லக்கா.

— இல்லடா. ஒரு கீறல் இல்ல.

— கில்லாடிக்கா நீ. அந்தக் காத்துல வாயைத் திறக்காம இறக்கையைத் தூக்கி நிறுத்தினியே. அப்படி ஒரு கை எனக்கு இருந்தா, திங்கக்கிழமை முத ஆளா பட்டறையில நிப்பேன்.

— நிப்பியா?

— நிப்பேன். சத்தியமா.

— அப்போ போய் மூக்கைத் திறந்து, நான் வெச்ச கனத்தை எடு.

— இரு. டேப்பு நல்லா ஒட்டியிருக்கு... பிரிச்சுட்டேன். பேட்டரி செல்லா இருக்கு? ரிமோட்டுக்குப் போடற செல்லுல்ல இது?

— ஆமா. நேத்து என் ரிமோட்ல இருந்து கழட்டினது.