கூரை ஜன்னலில் கடற்காகங்கள்

சூரிய பன்னுக்கு மாவு பிசையும்போது, ஏலக்காயைப் பொடித்த கையோடு போட்டுவிட வேண்டும். கொஞ்ச நேரம் தட்டில் கிடந்தாலும் வாசனை பாதி போய்விடும். தெருவில் பலருக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன், யாரும் கேட்பதில்லை. நீங்கள் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஜாம் சூடாக இருக்கும், பார்த்துக் கடியுங்கள். தெருச் சங்கத்தின் சார்பில் இரண்டு பேர் வந்திருக்கிறீர்கள், கோட்டைக்கூடக் கழற்றவில்லை. விஷயம் என்னவென்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வெறும் வயிற்றோடு யாரையும் விசாரிக்கக் கூடாது.

மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. வரிசையாகச் சொன்னால் உங்களுக்கே நியாயம் புரியும். தெரிந்த விஷயங்களையும் சேர்த்துத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் போகிற சூரியன் ஜனவரி முடியும் சமயத்தில்தான் நம் ஊருக்குத் திரும்புகிறது. நடுவில் மதியத்துக்கு மட்டும் கொஞ்சம் நீல வெளிச்சம், அவ்வளவுதான். திரும்பி வரும் சூரியன் யார் வீட்டுக்குள் முதலில் விழுகிறதோ, அந்த வீட்டில் தெரு முழுவதும் கூடி சூரிய பன் தின்ன வேண்டும். கூரைமேல் ஏறி நின்று பார்த்தது கணக்கில் வராது, வீட்டுக்குள் விழ வேண்டும். நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அது என் அடுப்படியில்தான் விழுந்தது. இரண்டு மலைகளுக்கு நடுவே உள்ள பிளவு வழியாக வந்து, இதோ இந்தக் காப்பிக் கெட்டிலின் வயிற்றில் உட்காரும். ஒரு கோப்பை காப்பி குடிக்கும் நேரம் இருந்துவிட்டுப் போய்விடும்.

அந்த நேரத்தில் தெருவே இங்கே நிற்கும். நாற்காலி போதாமல் விறகுப் பெட்டியில் உட்காருவார்கள். ஈர மேலாடைகளின் வாடையும் பன் வாசனையும் கலந்து, மூச்சுவிட இடம் இருக்காது. மறுநாள் தரையைத் துடைக்கும்போது எத்தனை கால் தடம் என்று பார்த்துப் பார்த்துத் துடைப்பேன்.

மற்ற நாட்களில் யாரும் வருவதில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. நம் ஊரில் கூப்பிடாமல் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. நானும் யாரையும் கூப்பிட்டதில்லை. எதற்குக் கூப்பிட வேண்டும், அதற்குத்தான் சூரியன் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன்.

கூரை ஜன்னல் பொருத்துவது என் தொழில். இந்தப் பக்கத்தில் பாதிக் கூரைகளில் நான்தான் துளை போட்டிருக்கிறேன். அக்டோபரில் மாரித் வந்தாள். என் வீட்டுக்குப் பின்னால் மேட்டில் இருக்கிறது அவள் வீடு. நாங்கள் ஒரே வகுப்பில் படித்தவர்கள். வாசற்படியிலேயே நின்றாள்.

"ரைடுன், எங்க மேல் ரூம்ல ஒரு கூரை ஜன்னல் போடணும்டி."

"எந்தச் சரிவுல?"

"தெக்கால."

"போட்டு முடிக்கறப்ப சூரியன் போயிருக்கும். ரெண்டு மாசத்துக்குக் கறுப்புச் சதுரத்தப் பாத்துட்டுக் கெடக்கணும்."

"ஜனவரில வரும்ல. கீழ் ஜன்னல்ல எங்களுக்கு ஒண்ணும் விழறதில்ல." என் கூரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள். "ஒன்னக் கொற சொல்லலடி."

அவள் குறை சொன்னதே இல்லை. அவளுக்கும் சூரியனுக்கும் நடுவில் என் வீடு நிற்கிறது என்பதை நானும் அன்றுதான் யோசித்தேன். கணக்குப் போட எனக்கு ஏணிகூடத் தேவைப்படவில்லை. அவள் கூரை என் கூரையைவிட உயரம். தெற்குச் சரிவில் ஜன்னல் வைத்தால், என் கெட்டிலுக்கு வருவதற்கு முன்பே சூரியன் அவள் மேலறைக்குப் போய்விடும். என் கூரையோ கிழக்கும் மேற்கும் சரிந்தது. அதில் எத்தனை துளை போட்டாலும் பனிதான் வரும்.

சரி, போட்டுத் தருகிறேன் என்றேன்.

நீங்கள் வாய் திறக்குமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். வேலையில் நான் எந்தத் தில்லுமுல்லும் செய்யவில்லை. ஒரு முழம் கீழே இறக்கி வைத்திருந்தால் என் கூரை மறைத்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படி ஒரு எண்ணம் உங்களுக்கு வந்தால் அது எனக்கு அவமானம். மூன்றடுக்குக் கண்ணாடி போட்டேன். சட்டத்தைச் சுற்றிக் குளிர் புகாமல் பஞ்சு அடைத்தேன். ஜன்னல் குழியின் உட்புறச் சுவரை மேலே படுக்கைவாட்டமாகவும் கீழே செங்குத்தாகவும் வைத்தேன், அப்போதுதான் அறைச் சூடு கண்ணாடியைத் தடவிக்கொண்டு போகும், நீர் கோக்காது. நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு, கை விறைக்க விறைக்கச் செய்த வேலை. இதுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

அந்த அறையில் ஒரு கட்டில் இருந்தது. கட்டிலில் மாரித்தின் அப்பா ஓட்வார் இருந்தார். இதையும் சொல்லிவிட வேண்டும். இடுப்பு முறிந்ததிலிருந்து அவரால் அந்தக் குறுகலான படியில் இறங்க முடியாது. நான் கூரையை அறுத்தபோதுகூட அவர் அறையை விட்டு நகர மறுத்துவிட்டார். மேலே பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திக்கொண்டு, காப்பிக் கோப்பையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தார்.

"ஏ புள்ள, மெல்ல அடி. மேல ஒருத்தன் தூங்குறான், எழுப்பிவிட்றாத."

"நல்லா மூடிக்கிங்க பெரியவரே. மரத்தூள் கண்ணுல விழும்."

"விழட்டுமே. ரெண்டு வருஷமா இந்தக் கண்ணுக்கு என்ன வேல இருந்துச்சு?"

முன்பெல்லாம் அவர் என் விறகுப் பெட்டியில் உட்கார்ந்து சூரியனைப் பார்த்தவர். கடைசி இரண்டு ஜனவரியில் மாரித்திடம் துணியில் சுற்றி ஒரு பன் கொடுத்தனுப்பினேன். ஆகவே அவரை நான் மறந்துவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

டிசம்பரில் பறவைகளுக்குத் தீனி போட ஆரம்பித்தேன்.

குளிர்காலத்தில் பறவைகளுக்குத் தீனி போடுவது நல்ல காரியம். பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தருகிறார்கள். துறைமுகத்து மீன் கிடங்கில் காட் மீன் தலைகளைச் சும்மா கொடுத்தார்கள். என் பரணின் பின்ஜன்னலைத் திறந்தால் எதிரே மாரித்தின் கூரை. மதிய நீல வெளிச்சத்தில் வீசினேன். மற்ற இடங்களில் வீசினால் பனிக்குள் புதைந்துவிடும், கண்ணாடிமேல்தான் தங்கும். பறவைகளின் வசதியைத்தான் பார்த்தேன். முதலில் ஒரு கடற்காகம் வந்தது. பிறகு அதன் சொந்தம். கிறிஸ்துமஸுக்குள் ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. தலையை விட ஈரல் அவற்றுக்குப் பிடிக்கிறது என்று கண்டுபிடித்தேன். ஈரல் வழுக்கிக்கொண்டு கண்ணாடியின் நடுவில் நின்றுவிடும் என்பதையும் கண்டுபிடித்தேன். ஒற்றைக்கால் பறவை ஒன்று, நான் ஜன்னலைத் திறக்குமுன்பே வந்து காத்திருக்கும். என்னை அப்படி யாரும் எதிர்பார்த்துக் காத்திருந்து ரொம்ப நாளாகிறது.

தின்ற பறவை எச்சமிடும். அது இயற்கை.

புத்தாண்டு கழிந்ததும் மாரித் கூப்பிட்டு அனுப்பினாள். ஜன்னலைப் போட்டவள் நான், நான்தானே பார்க்க வேண்டும். ஏறிப் பார்த்தேன். கண்ணாடி சுண்ணாம்பு அடித்ததுபோல் இருந்தது.

"ஊர்ல இத்தன கூரை இருக்கு. எங்க கூரைலதான் வந்து ஒக்காரணுமா? ஏன்டி இப்டி?"

"பறவைங்களுக்கு நல்ல வேலப்பாடு எதுன்னு தெரியும்."

"வெளையாடாத. சூரியன் வர்ற நேரம். அப்பா தெனம் என்னைக்கு என்னைக்குன்னு கேட்டுட்டே இருக்காரு."

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பறவைகளை விரட்ட ஒரு பிளாஸ்டிக் ஆந்தை வாங்கி வந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் நானே திருகி வைத்தேன். காசு வாங்கவில்லை, அதற்கு மனம் வரவில்லை. அன்று மதியம் வழக்கம்போல ஈரலை வீசினேன். ஒற்றைக்கால் பறவை ஆந்தையின் தலைமேல் நின்று தின்றது.

சூரியன் திரும்பிய நாளன்று தெரு முழுவதும் மாரித்தின் மேலறையில். நீங்கள் இருவரும் இருந்தீர்கள், அலமாரிப் பக்கம். ஓட்வாருக்கு முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலையணையை உயர்த்தி உட்கார வைத்திருந்தாள் மாரித். விடியுமுன் ஏறிக் கண்ணாடியையும் கழுவியிருந்தாள். என்னையும் கூப்பிட்டிருந்தாள், அதனால் போனேன். ஒரு தட்டு நிறைய பன் கொண்டுபோனேன். கிளம்புவதற்கு முன் பரணுக்குப் போய் ஒரு வாளி ஈரலை மொத்தமாக அவள் கூரைமேல் வீசினேன். அன்றைக்கு ஒருநாள் பறவைகளைப் பட்டினி போட என்னால் முடியாது.

எல்லோரும் அண்ணாந்து நின்றோம். மலைப் பிளவில் வெளிச்சம் வெடிக்கும் நேரம் எனக்கு மனப்பாடம். சரியாக அந்த நேரத்தில் கண்ணாடிமேல் தொப்தொப்பென்று கடற்காகங்கள் இறங்க ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு, பிறகு கூட்டம் மொத்தமும். இறக்கை இறக்கையாக, வயிறு வயிறாக. அறை இருட்டிவிட்டது. மாரித் விளக்குமாற்றுக் கட்டையால் சட்டத்தைத் தட்டினாள். ஒன்றும் அசையவில்லை. யாரோ செருமினார்கள். மாரித் கட்டையைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் நிம்மதியாக உணர்ந்தேன் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். அமைதியாக உணர்ந்தேன்.

அப்போதுதான் சூரியன் வந்தது. பறவைகளுக்குப் பின்னால் வந்தது. கடற்காகத்தின் பாதம் இளஞ்சிவப்பு, விரல்களுக்கு நடுவே மெல்லிய தோல். அந்தத் தோல் வழியாக வெளிச்சம் இறங்கியது. கூரையில் எத்தனை பாதங்களோ அத்தனை இளஞ்சிவப்பு விளக்குகள். அவை நகர்ந்தன, வழுக்கின, ஒன்றையொன்று மிதித்தன. அறை முழுவதும் ரோஜா நிறம் ஆடியது. ஓட்வாரின் வெள்ளைச் சட்டைமேல் ஒரு பாதத்தின் நிழல் நடந்து போனது. அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துத் தலையணையிலிருந்து சரிந்துவிட்டார்.

"அப்பா, மன்னிச்சிக்கங்கப்பா. சூரியனே தெரியலியே."

"அட போடி. எண்பது வருஷமா சூரியனப் பாத்தாச்சு. படகுல நின்னு இதுங்களோட முதுகப் பாத்தாச்சு. காக்கா காலுக்குள்ளாற சூரியனப் பாத்தவன் எவன் இருக்கான்? இந்த ஊர்ல சொல்லு, எவன் இருக்கான்?" பிறகு என்னைக் கைகாட்டினார். "ஏ புள்ள, இந்த ஜன்னலுக்கு ஒனக்குக் கோயில் கட்டணும். இதுங்க தெனம் வரும்ல?"

"வரும் பெரியவரே" என்றேன்.

எல்லோரும் கைதட்டினீர்கள். மாரித் அழுதாள், என்னைக் கட்டிக்கொண்டாள், என் கையில் மீன் வாடை அடிப்பதாகச் சொல்லிச் சிரித்தாள். அவள் கொண்டுவந்து வைத்த பன்னில் ஏலக்காய் வாசனையே இல்லை. அதைத்தான் எல்லோரும் தின்றீர்கள். நான் கொண்டுபோன தட்டு அலமாரிமேல் அப்படியே இருந்தது.

சில நாள் கழித்து என் கெட்டில்மேல் சூரியன் விழுந்தது. அன்றைக்கும் பன் செய்திருந்தேன். ஒரு கோப்பை காப்பி குடிக்கும் நேரம் இருந்துவிட்டுப் போய்விட்டது. தரையில் என் தடம் மட்டும். துடைக்கத் தேவைப்படவில்லை.

மறுநாள் பரணின் ஜன்னலை மூடிவிட்டேன்.

பறவைகளை மனிதர்கள் பழக்கிவிடக் கூடாது. அவை தாமாகத் தேடித் தின்ன வேண்டும். இதை நான் எப்போதும் சொல்லி வந்திருக்கிறேன். மாரித்தின் கூரைக்கு ஏறி ஆந்தையைக் கழற்றினேன், கண்ணாடியைச் சோப்புப் போட்டுக் கழுவித் தந்தேன். பளிங்குபோல் இருந்தது. இப்போது ஓட்வாருக்குச் சூரியன் முழுசாகத் தெரியும், அதற்குத்தானே ஜன்னல் போட்டது. அவர் சாப்பிடுவதில்லை, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு ஒற்றைக்கால் எங்கே, ஒற்றைக்கால் எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. மாரித் உங்களிடம் என்ன சொல்லியிருப்பாள் என்பதும் தெரியும், நேற்று இங்கேயும் வந்தாளே. மீன் கிடங்கில் விசாரித்துவிட்டு வந்தாள்.

"நீதான் தீனி போட்டியாமே. சரி போ, எதுக்குன்னு கேக்கல. மறுபடி போடு ரைடுன். ஒன் கால்ல விழறேன்."

விழ வேண்டாம், இந்த வயதில் எழுந்திருக்கச் சிரமம் என்று சொல்லி அனுப்பினேன்.

ஆகவே தீனி போட்டது நான்தான். நிறுத்தியதும் நான்தான். இப்போது மறுபடி போடுவதும் நான்தான். அந்தச் சத்தம் கேட்கிறதல்லவா, அது பறவைகள்தான். அடுப்படி ஜன்னலுக்கு வெளியே, மேலே கூரைபோல ஒரு கண்ணாடிப் பலகை பொருத்தி, தீனியை அதன்மேல் போடுகிறேன். மூன்றடுக்கு, நல்ல வேலை. அவை வெளிச்சத்தை அடைத்துக்கொள்வதால்தான் பகலிலும் விளக்குப் போட்டிருக்கிறேன். இந்த நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் குனிந்து பார்த்தால் பாதங்கள் எல்லாம் தெரியும். ஒற்றைக்கால் வலது ஓரம். பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இங்கே வரலாம். பன் தினமும் செய்கிறேன், ஆளை எதிர்பார்த்து அல்ல, மாவு மிஞ்சிவிடுகிறது.

ஓட்வாரால் படி இறங்க முடியாது என்கிறீர்கள். உண்மைதான். அதையும் நான் யோசித்துவிட்டேன். அவர் படி இறங்கவே தேவையில்லை. அந்தக் கூரை ஜன்னல் வழியாக ஒரு மனிதரைப் படுத்தவாக்கில் வெளியே எடுக்கலாம். சட்டத்தை அளந்தவள் நான். தோள் அகலம்தான் சந்தேகமாக இருந்தது, அன்றைக்கு வெள்ளைச் சட்டையில் பார்த்தபோது கண்ணாலேயே அளந்துவிட்டேன், சரியாக இருக்கும். அங்கிருந்து என் வாசல் வரை நல்ல சரிவு, பனியும் கெட்டியாக இருக்கிறது. கயிறு வாங்கி வைத்திருக்கிறேன். விறகுப் பெட்டிமேல் மெத்தை தைத்துப் போட்டாகிவிட்டது.

நான் யாரையும் வற்புறுத்தவில்லை.