பதினாலு நிமிஷம் ஊறின செல்லு

மறுபடியும் அந்த மெஷின் மூடியைக் கழட்டப் போறீங்களா? விடுங்க தம்பி. காலையில இருந்து மூணு தடவை கழட்டிட்டீங்க. லேசர் நல்லா இருக்கு, குழாய் அடைக்கலைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. இருந்தாலும், லேசர் கொஞ்சம் மங்கலா இருந்துச்சு, சரி பண்ணியாச்சுன்னு ரிப்போர்ட்ல ஒரு வரி எழுதிக் குடுத்தா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க?

தெரியும், தெரியும். பொய் எழுத மாட்டீங்க. எனக்கு மட்டும் பொய் சொல்லணும்னு வேண்டுதலா? பத்தொன்பது வருஷமா இந்த லேப்ல டெக்னீஷியனா இருக்கேன். இப்படி யார்கிட்டயும் கெஞ்சினதில்லை.

உட்காருங்க, சொல்றேன். மெஷினைத்தான் பார்க்கிறீங்க, அதுக்குள்ள என்ன போகுதுன்னு தெரியுமா? மார்பகப் புற்றுநோய் செல்லு. டிஷ்னு ஒரு சின்னத் தட்டுல வளர்க்கிறோம். அது அடியில போய் ஒட்டிக்கும். சும்மா ஒட்டாது, அது மேல பூரா ரிசெப்டர்னு ஒண்ணு இருக்கு, அதை வச்சுத்தான் பிடிச்சுக்கும். கைன்னு வச்சுக்கங்களேன். உடம்புல ஒரு இடத்தை விட்டுட்டு வேற இடத்துல போய்ப் பிடிச்சுக்கிட்டா நோய் பரவிடுச்சுன்னு அர்த்தம். அந்தக் கையே இல்லாம பண்ற மருந்தைத்தான் எங்க புரொபசர் தேடுறார். மருந்து போட்டது, போடாதது, ரெண்டையும் உங்க மெஷின்ல விட்டா எதுல ரிசெப்டர் எவ்வளவுன்னு காட்டிடும், அவ்வளவுதான்.

ஆறு வாரம் முன்னாடி நான்தான் செஞ்சேன். மருந்து போட்ட செல்லுல ரிசெப்டரே இல்லை, துடைச்சு வச்ச மாதிரி. மனுஷனுக்குத் தலைகால் புரியலை. மெஷின் குடுத்த அந்த ஒரே படத்தை எடுத்துட்டுப் போய் பெரிய கூட்டத்துல காட்டிட்டு வந்துட்டார். அப்புறம் அதையே திருப்பிச் செய்னு ஆராய்ச்சி பண்ற பொண்ணுகிட்ட குடுத்தார். எறும்புன்னுதான் அவளைக் கூப்பிடுவோம், சும்மா உட்காரவே மாட்டா. பதினோரு தடவை செஞ்சுட்டா தம்பி. பதினோரு தடவையும் ரிசெப்டர் இருந்த இடத்துலயே இருக்கு. இவர் என்ன சொல்றார்னா, ஒண்ணு மெஷின் கோளாறு, இல்லைன்னா உன் கை கோளாறுங்கிறார். மெஷின் சரின்னு நீங்க எழுதிட்டா நாளைக்கு அவளை வெளியே அனுப்பிடுவார். நாலு வருஷ உழைப்பு போச்சு. நேத்து பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதுட்டிருந்தா, வெளியே கேட்கக் கூடாதாம்.

அவ கையில ஒரு குறையும் இல்லை. தப்பு பண்ணினது நான்.

செல்லை டிஷ்ல இருந்து கிளப்புறதுக்கு டிரிப்சின்னு ஒண்ணு ஊத்துவோம். ஒட்டிக்கிட்டு இருக்கிறதை அறுத்து விடும். மூணு நிமிஷம், அதுக்கு மேல விட்டா செல்லு மேல இருக்கிற ரிசெப்டரையே தின்னுடும். புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்லிக் குடுப்பேன். அன்னிக்கு மருந்து போடாத டிஷ்ஷை ஒழுங்கா மூணு நிமிஷத்துல எடுத்துட்டேன். மருந்து போட்டதுல ஊத்தறேன், போன் அடிக்குது. கையுறையைக் கழட்டிப் போட்டுட்டு வராந்தாவுக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தா பதினாலு நிமிஷம் ஆகியிருக்கு.

கீழே கொட்டியிருக்கணும். கொட்டலை. தூக்கத்துல நடக்கிறவ மாதிரி எடுத்து மெஷின்ல விட்டுட்டேன். மருந்து ஒரு மண்ணும் செய்யலை தம்பி, ரிசெப்டரைத் தின்னது டிரிப்சின். அப்பவே சொல்லியிருக்கலாம்தான். படத்தைப் பார்த்ததும் புரொபசர் ஓடி வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டார். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன். நாளைக்கு, நாளைக்குன்னு அந்தப் பொண்ணு தலையில வந்து விடிஞ்சிருக்கு. என்னை நினைச்சா எனக்கே எரிச்சலா வருது.

போன்ல யாருங்கிறீங்களா? பாருங்க, நீங்களும் அதைத்தான் கேட்கிறீங்க. புரொபசரும் முதல்ல அதைத்தான் கேட்பார். அதுக்குப் பயந்துதான் இத்தனை நாளா மென்னு முழுங்கிட்டிருக்கேன்.

ஆஸ்பத்திரியில இருந்துதான். எனக்கு மார்புல ஊசி போட்டுச் சதை எடுத்திருந்தாங்க, அதோட ரிசல்ட். இடது பக்கம். அந்த நர்ஸம்மா இந்த ரிசெப்டர் இருக்கு, அந்த ரிசெப்டர் இல்லைன்னு வாசிச்சுக்கிட்டே போறாங்க. பத்தொன்பது வருஷமா இதுலயே கிடக்கிறவ, மெதுவா சொல்லுங்கம்மா, ஒண்ணும் புரியலைங்கிறேன்.

வீட்டுக்காரருக்குத் தெரியும். இங்க யாருக்கும் தெரியாது. வேற ஆபீஸா இருந்தா சொன்னதும் பாவம்னு ரெண்டு வார்த்தை ஆறுதல் சொல்வாங்க. இங்க இருக்கிறவங்களுக்கு எத்தனை பேர் பிழைப்பாங்கங்கிற கணக்கு வரைக்கும் தெரியும். அந்தக் கணக்கை அவங்க மூஞ்சியில பார்க்க என்னால முடியாது தம்பி.

சரி, எழுதுங்க. மெஷின்ல ஒரு கோளாறும் இல்லைன்னே எழுதுங்க. நான் இப்பவே அவர் ரூமுக்குப் போய்ச் சொல்லிடறேன். எறும்பையும் கூட்டிட்டுப் போறேன், அவ காதால கேட்கட்டும். திங்கக்கிழமை எனக்கு ஆபரேஷன், அதுக்கப்புறம் சொல்லிக்கலாம்னு இதையும் தள்ளி வைக்க முடியாதில்ல.