ஏர்கோன் சட்டை

இல்லண்ணே, ஐசி அட்டையக் குடுத்துட்டேன், உங்க கையிலதான் இருக்கு. சுகுமாறன். ஆமா, ஏர்கோன் பாக்க வந்திருக்கேன். சட்டையிலயே எழுதியிருக்கு பாருங்க. ஏணியா? லோரியில இருக்கு. கேஸ் சிலிண்டரும் லோரியிலதான். லோரி எங்கன்னு மட்டும் கேட்டுடாதீங்க.

சரி, உங்க காவல் ரூம்லயே இப்படி உக்காந்துக்கிறேன். மேனேஜர் மீட்டிங் முடிச்சுக் கூப்பிடட்டும். எனக்கு என்னைக்குமே அவசரம் இல்லண்ணே. நான் வர்றதுக்கு முன்னாடியே எல்லாம் முடிவாகியிருக்கும்.

சிரிக்கிறீங்க. ஏர்கோன்காரன் கையில எதுக்கு இவ்ளோ பெரிய அளவு டேப்புன்னுதானே? மேனேஜர் உங்ககிட்டயும் சொல்லியிருப்பாரே. கையெழுத்து வாங்கிட்டாங்களா, யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு? அப்படின்னா நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி லா. உங்களுக்கு ஒரு கவலையும் இல்லண்ணே. ஆளு போனாலும் மெஷினு போனாலும் காலிக் கட்டடத்துக் காவலுக்கு ஒரு ஜாகா வேணும்.

ஏர்கோனப் பத்தி எனக்கு ரெண்டு விஷயம் தெரியும். போடத் தெரியும், நிப்பாட்டத் தெரியும். இந்தச் சட்டை, தொப்பி எல்லாம் எங்க பாஸ் குடுத்தது. தொப்பிய மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கணும்னு உத்தரவு. வீட்ல இன்னொரு சட்டை இருக்கு, அதுல பூச்சி மருந்து அடிக்கிறவன்னு போட்டிருக்கும். எனக்கு அதுதான் இன்னும் பொருத்தம்.

வேலைன்னா என்னண்ணே, ஃபேக்டரிய மூட்டை கட்டுறது. மொதல்ல ஒருத்தன் வந்து மெஷினெல்லாம் அளந்துட்டுப் போவான், அது நானு. அப்புறம் ஒரு நாள் லோரி வரும். கழட்டி, பெட்டியில வச்சு ஆணி அடிச்சு, கிள்ளான் துறைமுகத்துல கப்பலேத்திடுவோம். வியட்நாம், கம்போடியா, எங்க கூலி கொறச்சலோ அங்க. மெஷினுக்கு விசாவும் வேணாம், ஒண்ணும் வேணாம்.

நானா இந்த வேலையத் தேடிப் போகல. எங்கப்பா கேரித் தீவுல வெயில்ல நின்னு செம்பனைத் தோட்டத்துல குலை வெட்டுனவரு. நான் ஷா ஆலாம்ல ஸ்பீக்கர் செய்யிற கம்பெனிக்குப் போனேன். ஏர்கோன் ஹாலு, நீலச் சட்டை, பேரு போட்ட அட்டை. பெரிய தொரைன்னு நெனப்பு. நாடு கதவத் தொறந்து விட்டுருச்சு, இனிமே வெளிநாட்டுக் கம்பெனியா வந்து குமியப் போகுதுன்னாங்க. வந்துச்சு. அதே கதவு வழியா வெளியயும் போகும்னு அவங்க சொல்லல, நாங்களும் கேக்கல. வெள்ளிக்கிழம வேலை முடிஞ்சு நல்லாத்தான் வீட்டுக்குப் போனோம். திங்கக்கிழம வந்தா கேட்டுல சங்கிலி. எல்லாருக்கும் லெட்டர். எனக்கு மட்டும் வேலை. ஏன்னா, அந்த மெஷின உடைக்காமக் கழட்டத் தெரிஞ்சவன் நான்தானாம். என் கருமாதிக்கு நானே சமையல்காரனாப் போனேண்ணே. நல்லா வேற சமைச்சுட்டேன். பாஸ் கூடவே வச்சுக்கிட்டாரு.

பேரு கெட்டதுதான் மிச்சம். மேரு டவுன்ல ஒரு கடையில மீ கோரெங் சாப்பிட உக்காந்தேன், வெறும் பசி. மறுநாள் எதிர்த்த ஃபேக்டரியில யூனியன் கூட்டம் போட்டுட்டாங்க, சுகு வந்துட்டான், கம்பெனி போகப் போகுதுன்னு. கல்யாணத்துக்குப் போனா, சாப்டீங்களான்னு கேக்க மாட்டாங்க. இப்ப எந்தக் கம்பெனின்னுதான் கேப்பாங்க. மொய் வைக்கப் போன கைய அளவெடுக்க வந்த கை மாதிரி பாக்குறாங்க.

ஒண்ணே ஒண்ணுதான் எனக்குப் பிடிக்காது. நம்ம பொம்பளைங்க ஆயுத பூசைக்கு மெஷினுக்கெல்லாம் திருநீறு, குங்குமம் வைப்பாங்க இல்ல. வருசா வருசம் வச்சு வச்சு அது ஒரு தடிப்பா ஏறியிருக்கும். ஒரு தடவ அப்படியே அனுப்பிட்டோம், ஓரத்துல ஒரு காஞ்ச எலுமிச்சம்பழம் வேற. அந்த நாட்டு கஸ்டம்ஸ், இது என்ன காய்கறின்னு கேட்டு ஈமெயில் போட்டுட்டான். அதுலேருந்து சொரண்டிட்டுத்தான் அனுப்பணும். சொரண்டுறது என் வேலை. மண்ணெண்ணெய் போட்டுத் தொடச்சாலும் சிவப்பு லேசுல போகாதுண்ணே.

குடும்பமா? இருக்கு. பொண்டாட்டி வேலைக்குப் போறா, பேரு புனிதா. எந்தக் கம்பெனியா? அது கெடக்கட்டும். அவ சம்பளத்துலதான் வீடு ஓடுது. நான் ஒரு மாசம் ராஜா, ஒரு மாசம் சும்மா. வர்ற சனிக்கிழம செமினியில ஒரு சின்ன வீட்டுக்குக் கையெழுத்துப் போடப் போறா. என் பேர்ல பேங்குக்காரன் லோன் குடுக்க மாட்டேன்னுட்டான், புத்திசாலி. அவ பேர்லதான் முப்பது வருசக் கடன். நேத்து தெரைச்சீலைக்கு என்ன கலர் போடலாம்னு கேட்டா. பச்சைன்னேன். நல்லாருக்கும் இல்ல, பச்சை?

போன் அடிக்குது பாருங்க.

மேனேஜரா? என்ன சொன்னாரு? பின்பக்கமா ஸ்டோர் வழியா வரச் சொன்னாரா. ஆளுங்க கண்ணுல பட வேணாமாம். சரிதான்.

அண்ணே, முன்வாசல் வழியாப் போனா மூணாவது லைனத் தாண்டித்தானே போகணும்? மோட்டாருக்குக் கம்பி சுத்துற எடம். அங்க புனிதான்னு ஒரு பொம்பள, ஒல்லியா, காலையில உங்களுக்கு வணக்கம் சொல்லிட்டுத்தான் உள்ள போவாளாம். கேட்டுல இருக்க தம்புசாமி அண்ணன் நல்லவருன்னு வீட்ல சொல்வா. ஆமாண்ணே. அவதான்.

நாலஞ்சு நாளா சொல்லிடணும்னு பாத்தேன். சோறு போட்டா, சாப்பிட்டேன். ரசம் வேணுமான்னு கேட்டா, வேணும்னேன். காயிதத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இப்ப இங்க உக்காந்து யோசிச்சுப் பாத்தா, வாயால சொல்லக் கூடாதுன்னுதான் அதுல இருக்கு. முன்வாசல்ல நடக்கக் கூடாதுன்னு இல்ல.

மேனேஜர் கேட்டா, வழி தப்பிப் போயிட்டான்னு சொல்லுங்க. ஏர்கோன்காரனுக்கு என்னண்ணே தெரியும். டேப்ப இப்படி வெளிய தெரியுற மாதிரி பிடிச்சுக்கிறேன். அவ ஒரு தடவ நிமிந்து பாத்தாப் போதும், சனிக்கிழம கையெழுத்துப் போட மாட்டா.

இந்தாங்க, இந்தத் தொப்பி உங்ககிட்டயே இருக்கட்டும். மூஞ்சி நல்லாத் தெரியணும்.