குருவி இறங்கட்டும்

ரயிலு இந்தப் பக்கமெல்லாம் எட்டிப் பாக்காத காலம். நெய்வாடின்னு ஒரு ஊரு. காத்தடிச்சா கடல் இரைச்சல் கேக்கும், அவ்வளவு கிட்டக்க. அந்த ஊரு கீழத்தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தவ தையல்நாயகி. எங்க பாட்டனுக்கே பாட்டி முறை.

அவளுக்கு ஒரு பழக்கம். கொல்லையில அரிசி புடைக்க உக்காந்தா, கையி முறத்துல இருக்கும், கண்ணு குருவி மேல இருக்கும். மழை நாளுன்னா கேக்கவே வேணாம். காக்கா எப்படிக் காத்துக்கு நேரா மூஞ்சிய வச்சு உக்காருது, சிட்டுக்குருவி எந்த ஓட்டு இடுக்குல பூருது, எல்லாம் பாப்பாளாம். ரொம்பப் புடிச்சது தவிட்டுக்குருவி. மழை புடிச்சா அதுங்க மூங்கில் குத்துக்குள்ள ஒரே கொப்புல ஒட்டி ஒட்டி உக்காரும். ஓரத்துல நனையுற குருவி இருக்கே, அது மத்ததுங்க முதுகு மேல ஏறிப் போயி நடுவுல இடிச்சு உக்காந்துக்கும். அப்ப இன்னொண்ணு ஓரமாயிரும். அதுவும் ஏறி நடுவுக்கு வரும். இதைப் பாத்துப் பாத்துத் தனியா சிரிப்பாளாம்.

மாமியா பேரு வேம்பு. "எம்மவனுக்குப் பொண்ணு கட்டுனேன், அது குருவிக்கு வாக்கப்பட்டிருக்கு" ன்னு தெரு பூரா சொல்லுமாம். இவ கோச்சுக்க மாட்டா. அதுக்கும் சிரிப்பாளாம்.

ஒரு கார்த்திகை மாசம். புருஷன் உழவு மாடு வாங்க மாயவரம் பக்கம் போயிருந்தாராம். வீட்டுல மாமியா, இவ, கொழுந்தன் உத்திராபதி. காலையில வடக்கேருந்து புடிச்சது காத்து. அடிக்குது அடிக்குது, அப்படி அடிக்குது. ஓடு பறக்குது, வாழை சாயுது. மத்தியானம் பாத்தா, யாரோ கையால புடிச்சு நிறுத்துன மாதிரி சட்டுனு நின்னு போச்சாம். லேசா வெயில் கூட வந்துச்சாம். சனமெல்லாம் வெளிய வந்து, விழுந்த தேங்காயைப் பொறுக்க ஆரம்பிச்சிருச்சு.

உத்திராபதி துண்டைத் தலையில கட்டிக்கிட்டு கெளம்புனானாம். வாய்க்காலுக்கு அந்தாண்ட கொட்டகை, அதுல நிறைசினையா செவலைப்பசு. தையல்நாயகி கொல்லைக் கதவுல கைய வச்சு நின்னுக்கிட்டா.

"அண்ணி, வழிய விடுங்க. செவலைக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு."

"செத்த இரு தம்பி. குருவி இன்னும் இறங்கலை."

"குருவியா?"

"மழை விட்டா மொத ஆளா அதுதான் தரைக்கு வரும். புழு எப்படி நெளியுது பாரு. ஒண்ணாவது வந்திருக்கா?"

அவனும் எட்டிப் பாத்தானாம். தரையெல்லாம் புழு. மூங்கிலுக்குள்ள குருவிங்க தலைய உள்ள இழுத்துக்கிட்டு அசையாம உக்காந்திருக்கு.

"பசு செத்துச்சுன்னா உங்க பேரைச் சொல்லித்தான் அழுவேன்" ன்னானாம்.

அது அவளுக்குச் சுருக்குன்னு தச்சுச்சாம். நெசமாவே செத்துட்டா? இந்த வீட்டுல சாகுற வரைக்கும் அந்தப் பேச்சு நிக்குமே. ஆனாலும் கதவுல வச்ச கைய எடுக்கலை.

அப்பத்தான் உள்ளேருந்து வேம்பு வந்துச்சு. குருவியைப் பாத்துச்சு, மருமக மூஞ்சியைப் பாத்துச்சு. "உக்காருடா. அவ தெனம் பாக்குறவ" ன்னுச்சாம்.

அவன் சுவரோரம் போயி உக்காந்துட்டான். இவ வேலிப்பக்கம் ஓடி, "குருவி இறங்கலை, எல்லாரும் உள்ள போங்க" ன்னு தெருவே கேக்கக் கத்துனாளாம். சில பேரு சிரிச்சாங்க. ஆனா சத்தமே போட்டுப் பேசாதவ கத்துறாளேன்னு ஒவ்வொருத்தரா உள்ள போனாங்களாம்.

போயிக் கதவைச் சாத்துனதுதான் தாமசம். தெக்கேருந்து திரும்பி வந்துச்சு பாருங்க காத்து, காலையில அடிச்சது ஒண்ணுமே இல்லைங்கிற மாதிரி. வாய்க்கால் கரைத் தென்னையெல்லாம் வேரோட சாயுது. உத்திராபதி போக இருந்த பாலத்து மேல ரெண்டு விழுந்துச்சாம். மூணு பேரும் நெல்லு கொட்டி வைக்கிற குதிரோட ஒட்டி உக்காந்திருந்தாங்க. வேம்பு மருமக கையை விடவே இல்லையாம்.

பொழுது சாயக் காத்து அடங்குச்சு. தூத்தல் மட்டும் விழுது. உத்திராபதி கதவு இடுக்குல கண்ணை வச்சு நின்னானாம். மூங்கிலுக்குள்ளேருந்து ஒரு குருவி தொப்புனு குதிச்சு, ரெக்கைய உதறி, ஒரு சருகைப் புரட்டுச்சு. பின்னாடியே மத்ததுங்களும் கூச்சல் போட்டுக்கிட்டு வந்துச்சுங்க.

"அண்ணி, இறங்கிருச்சு" ன்னு மெதுவாச் சொன்னானாம்.

அவ கதவைத் தொறந்துவிட்டா. அவன் இடுப்புத் தண்ணியில போயிப் பாத்தா, கொட்டகை தரையோட கெடக்கு. செவலை கயித்தை அத்துக்கிட்டுப் போயி, மேட்டுல வைக்கோல் போருக்கு அந்தப் பக்கம் நின்னு கன்னுக்குட்டியை நக்கிக்கிட்டு இருக்காம். கன்னைத் தோள்ல தூக்கிட்டு வந்து அண்ணி முன்னாடி எறக்கி வச்சான். அவ முந்தானையால அதுக்கு ஈரத்தைத் துடைச்சாளாம்.

வழியெல்லாம் மரம் கெடந்ததுல புருஷன் வந்து சேர நாளாச்சு. "இந்தக் காத்துல என்னதான் பண்ணுனீங்க?" ன்னு கேட்டாராம்.

வேம்பு சொல்லுச்சாம், "என்ன பண்ணுனோம், நானும் எம்மருமகளும் குருவி பாத்துக்கிட்டு இருந்தோம்."

இப்பவும் நெய்வாடியில புயல் ஓஞ்சா, யாரும் உடனே படி தாண்ட மாட்டாங்க. கொல்லைக் கதவுகிட்ட நின்னு பாப்பாங்க. குருவி தரைக்கு வந்ததும் ஒரு வீட்டுப் பொம்பளை குரல் குடுக்கும்: "தையலு கதவைத் தொறந்துட்டா." அடுத்த வீடு அதை வாங்கிச் சொல்லும். அதுக்கு அடுத்த வீடு. அப்படிக் கடைசி வீடு வரைக்கும் போன பொறவுதான் அந்த ஊரு வெளிய வரும்.