புருஷன் பேரில் ஒரு மாத்திரை

நெல்லிவாசல்நாட்டுக்கு ஏறும் ஷேர் ஜீப்பில், சீருடையில் இருந்த நர்சிங் மாணவியிடம் பக்கத்து சீட் அம்மாள் சொன்னாள்.

"எங்க வூட்டுக்காரரு பிரஷர் மாத்திரைய நேத்து நான் முழுங்கிட்டேன்."

"ஏம்மா?"

"ஊர்ல போட்ட மருத்துவ முகாம்ல வரிசையில நின்னோம். அவரு பீடி குடிக்கப் போய்ட்டாரு. நர்சம்மா பேரு கேட்டாங்க. புருசன் பேர எப்டி சொல்றது? அவரு மருந்துச் சீட்ட நீட்டினேன். அது பொம்பளைக்கும் வெக்கிற பேரு. அவங்களே படிச்சிட்டு, 'இந்தப் பேருதானே?'ன்னாங்க. தலைய ஆட்டினேன். 'ஒண்ண இங்கியே முழுங்கு'ன்னாங்க."

"எங்களுக்கு மொதப் பாடமே அதாம்மா. பேர நாங்க சொல்லக்கூடாது, மாத்திர சாப்பிடறவங்க வாயால வரணும். அப்புறம் இன்னா ஆச்சு?"

"தலை சுத்துச்சு. பொழுதுக்கும் பேசாம படுத்துனு இருந்தேன்."

மாணவி அவள் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பின்சீட்டில் இருந்த கணவரிடம் திரும்பினாள்.

"ஐயா, உங்க பேரு இன்னாங்க?"

"காளி."

"நீங்க மாத்திர போட்டீங்களா?"

"எனக்கு எதுக்கும்மா? அவ ஒருநாள் பேசாம இருந்ததுலயே பிரஷர் எறங்கிடுச்சு. அந்த மாத்திரைய அவளுக்கே எழுதிக் குடுங்க."